இடப்பக்க சீட்

சத்தம் வரவில்லை என்று லோகுவிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் சத்தம் நன்றாகவே வரும். யாராவது வால்யூமைக் குறைத்து வைத்திருப்பார்கள். குழந்தை ஏதாவது பொத்தானை அமுக்கியிருக்கும். இல்லையென்றால் எலி. ஈரோடு பெருந்துறை ரோட்டில் பதினெட்டு வருடமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் லோகநாதனுக்கு எலிகள் மேல் தனி மரியாதை உண்டு. எலி வயரைக் கடித்தால் கடித்த இடம் தெரியும், ஒட்டிவிட்டால் வேலை தீர்ந்தது.

நான்காவதாக ஒரு காரணம் ஆறு வருடமாக இருக்கிறது. அதுதான் அமைதிப் பெட்டி. ஹாரன் சத்தத்தில் நாட்டுக்கே காது போய்க்கொண்டிருக்கிறது என்று யாரோ கணக்கெடுத்துச் சொல்ல, எல்லாக் காரிலும் பெட்டி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கண்ணாடியை ஏற்றினால் வெளிச்சத்தம் உள்ளே கேட்காது. சத்தத்தைத் தடுப்பதில்லை; அதற்கு நேர் எதிரான சத்தத்தைப் பெட்டி உண்டாக்கி, இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். விற்பனைக்காக ஒரு பட்டியலையும் சேர்த்தார்கள். எந்தக் குரல் வேண்டாமோ அதைப் பட்டியலில் ஏற்றிவிட்டால், அந்த ஆள் காருக்குள் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது.

ஊர் என்ன செய்யும் என்று லோகுவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். மாமியாரை ஏற்றினார்கள், மச்சானை ஏற்றினார்கள். சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு மறந்துபோய், பிள்ளைகள் மரியாதை கற்றுக்கொண்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். லோகுவின் பெரியப்பா மகன்கள் இருவரும் ஒரே காரில் தொழிலுக்குப் போய் வந்தவர்கள். அண்ணன் பட்டியலில் தம்பி இருந்ததை லோகு வெள்ளையாகச் சொல்லிவிட்டான். இப்போது இரண்டு கார், இரண்டு தொழில், நடுவில் ஒரு மதில்.

அதற்குப் பிறகு லோகு யாரிடமும் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை. வண்டியின் கண்ணாடியில் தொங்கும் வேலை கார்டில் "பழுது" என்ற இடத்தில் "ஃப்யூஸ்" என்று எழுதி, அந்தக் குரலை நீக்கி அனுப்பிவிடுவான். பெருந்துறை ரோட்டில் அந்த ஒரு கடையில் மட்டும் ஏன் இத்தனை ஃப்யூஸ் போகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாந்தாமணி டீச்சர் முதல் தடவை வந்தது ஏப்ரலில். சென்னிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. ஐம்பத்தாறு வயது, கணக்கு டீச்சர், நெற்றியில் திருநீறு மட்டும். வண்டியை நிறுத்திய விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் அளந்து வைத்த மாதிரி நின்றது.

"பென் டிரைவ் போட்டா சத்தமே வர்றதில்லீங்க தம்பி," என்றார்.

லோகு கதவு நான்கையும் திறந்து வைத்தான். அது அந்தக் கடை வழக்கம். வெயிலில் நின்ற வண்டிக்குள் உட்கார முடியாது. வாடிக்கையாளர் வண்டியில் ஏசி போட்டு அவர்களுடைய பேட்டரி சார்ஜைத் தின்பது முறையில்லை என்று அவன் கடை திறந்த நாளிலிருந்து வைத்திருக்கும் கொள்கை. டீச்சர் கொடுத்த பென் டிரைவைச் செருகினான். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கணீரென்று வந்தது.

"சாந்தா, வர்றப்ப தயிர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா."

அடுத்தது: "சாந்தா, மோட்டார் போட்டுட்டேன். நீ வந்து நிறுத்திக்க."

டீச்சர் கடை வாசலில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோகு வால்யூமைக் குறைத்தான்.

"எங்க வீட்டுக்காரருங்க," என்றார் டீச்சர். "போன ஆகஸ்ட்ல தவறிட்டார். போன்ல அனுப்புன வாய்ஸ் மெசேஜ் நாப்பத்தேழு இருந்துச்சு. வீட்ல போட்டுக் கேட்டா மருமக அழுகறா, பையன் எந்திரிச்சுப் போயிடறான். பள்ளிக்கூடத்துல கேக்க முடியாது. இந்தக் கார்ல போறப்ப வர்றப்பதான் எனக்குன்னு ஒரு ஒண்ணரை மணி நேரம் இருக்குதுங்க."

"நல்லா கேக்குதுங்களே டீச்சர்."

"ஆமாங்க. இப்பக் கேக்குது," என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் மறுபடி சத்தம் இல்லையாம். லோகு கதவுகளைத் திறந்து வைத்து ஸ்பீக்கர் வயர் முழுவதையும் மாற்றினான். தயிர் பாக்கெட் வந்தது, மோட்டார் வந்தது, "பேங்க் பாஸ்புக்க எங்க வெச்சே" என்பதும் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. டீச்சர் போனார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது தடவையாக வந்தபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் லோகுவுக்குச் சங்கடமாக இருந்தது.

"தம்பி, கணக்குல விடை தப்பா வந்தா பையனைத் திட்டறதுல பிரயோசனமில்லை. அவன் போடறப்பப் பக்கத்துல உக்காந்து பாக்கணும். நீங்க என்னோட வண்டியில வாங்க."

லோகு இடப்பக்க சீட்டில் ஏறினான். டீச்சர் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார். பெருந்துறை ரோட்டின் லாரிச் சத்தம் கதவை அடைத்த மாதிரி நின்றுபோனது. இரண்டு தடவையும் தான் செய்த முட்டாள்தனம் என்னவென்று லோகுவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கதவு திறந்திருக்கும்போது பெட்டி வேலையே செய்யாது.

பென் டிரைவ் ஓடுவதாகத் திரையில் காட்டியது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. லோகு கதவு ஸ்பீக்கர் மேல் கையை வைத்தான். அது அதிர்ந்துகொண்டிருந்தது. சீட்டில் தலை சாய்க்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைத் தொட்டான். அதுவும் அதிர்ந்தது. முன்னால் இருந்தது பேசியதை எல்லாம் பின்னால் இருந்தது ஒரு சொல் விடாமல் தின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குத் தொண்டையிலிருந்து வரும் குரல், பென் டிரைவிலிருந்து வரும் குரல் என்ற பேதம் கிடையாது.

ஆக, பட்டியலில் இருந்தது இறந்துபோன மனிதர். ஏற்றியது யாராக இருக்கும்? லோகு ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தான். உயிரோடு இருந்தபோது வாயை அடைத்துவிட்டு, போன பிறகு குரலைத் தேடுகிறாரே என்று மனதுக்குள் சுருக்கென்று ஒரு வெறுப்பு எழுந்தது.

டீச்சர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே ஓட்டினார்.

"அவரு பஸ் டிரைவருங்க. கவர்ன்மெண்ட் பஸ், முப்பத்தோரு வருஷம். ரிட்டையர் ஆனதும் எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தார். ஒரு மாசம் உயிரை எடுத்துட்டார். பிரேக்குன்னு கத்துவார், லாரின்னு கத்துவார், வராத ஆட்டுக்குட்டிக்கெல்லாம் கத்துவார். அந்தக் கத்துல பதறித்தான் நான் எங்க கேட்டையே இடிச்சேன். இனி வண்டியைத் தொடமாட்டேன்னு சாவியை வீசிட்டேன்."

"அப்பறங்க?"

"ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்து, இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஓட்டுன்னார். நெசமாவே பேசலீங்க. ரெண்டரை வருஷம் டெய்லி கூட வந்தார். சென்னிமலை டீக்கடையில உக்காந்திருப்பார், சாயங்காலம் திரும்பக் கூட வருவார். கார்ல ஏறினா வாயே தெறக்கமாட்டார். பஸ்ல எழுதியிருக்கும்ல, ஓட்டுநரோட பேசாதீங்கன்னு, அதை எனக்கும் வெச்சிருக்கார்னு நெனைச்சுக்கிட்டேன். ஓட்டறப்பத் தலையைத் திருப்பாதேன்னு முதல் பாடமே அவர் சொன்னதுதான். அதனால நானும் திரும்பிப் பாக்கறதில்லை." ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டார். "எனக்கு அதுல பெருமைங்க. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டுனவர் பக்கத்துல உக்காந்து சும்மா வர்றாருன்னா, நான் நல்லா ஓட்டறேன்னுதானே அர்த்தம்?"

லோகு ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தான்.

"போனதுகூட இந்த சீட்லதாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே சீட். ஆகஸ்ட் பத்தொம்பது. நாலரைக்குப் பள்ளிக்கூடத்துல கெளம்புனோம். பாதி வழியில வெள்ளோடு தாண்டறப்பத் தலை சாஞ்சிருந்துச்சு, தூங்கறார்னு விட்டுட்டேன். வீட்டு கேட்டுக்கிட்ட வந்து எந்திரிங்கன்னேன். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு முனகல் இல்லை. கொடுத்து வெச்சவர்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அந்த ஒரு ஆறுதல்தாங்க இருக்குது."

கடைக்குத் திரும்பியதும் லோகு பழக்க தோஷத்தில் சொன்னான்: "ஃப்யூஸுங்க டீச்சர். பத்து நிமிஷத்துல மாத்தித் தர்றேன்."

டீச்சர் இறங்கவில்லை. கண்ணாடி ஏறியபடியே எஃப்.எம் பொத்தானை அமுக்கினார். நகைக்கடை விளம்பரம் வண்டி அதிரக் கேட்டது.

"ஃப்யூஸ் போனா ரேடியோ பாடுங்களா தம்பி?"

இத்தனை நாளில் அந்தப் பொய் முதல் தடவையாக மாட்டிக்கொண்டது. கணக்கு டீச்சரிடம் மாட்டிக்கொண்டதில் லோகுவுக்கு வெட்கம்கூட வரவில்லை. கதவைத் திறந்து, லேப்டாப்பைக் கொண்டுவந்து, பெட்டியோடு இணைத்துவிட்டு, திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டியல் என்று ஒன்று இருப்பதை, அதில் ஏறிய குரல் கண்ணாடி ஏறியிருந்தால் கேட்காது, இறக்கினால் கேட்கும் என்பதை, அவர் வீட்டுக்காரரின் குரல் அதில் இருக்கிறது என்பதை.

"நான் ஏத்தலீங்களே," என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "அந்தப் பெட்டியில அப்படி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

திரையில் விவரம் வந்தது. லோகு படித்தான், மறுபடி படித்தான். பட்டியலில் ஏறுகிற குரல்களில் பெரும்பாலும் திருட்டுத்தனமாகப் போனில் பிடித்து ஏற்றியவைதான். இது அப்படி இல்லை. இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து நேராகப் பேசி, அதே ஆள் கட்டைவிரல் ரேகை வைத்துச் சம்மதம் கொடுத்திருந்தார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்க?"

"ஈஸ்வரமூர்த்தி."

"அவரே அவர் குரலை ஏத்தியிருக்காருங்க. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரே ரேகையும் வெச்சிருக்கார்."

சற்று முன் இந்த அம்மாவைப் பற்றி நினைத்தது லோகுவுக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்குங்க?" என்றார் டீச்சர்.

"அவரால கத்தாம இருக்க முடியலீங்க போல. அதான் கத்தறது உங்களுக்குக் கேக்காம பண்ணிட்டார்." லோகு ஒரு வரியில் விரல் வைத்தான். "குரலை ஏத்தறப்ப எந்த மாதிரிப் பேச்சு கேக்கக் கூடாதோ அந்த மாதிரியே பேசிக் காட்டச் சொல்லும். அஞ்சு நிமிஷம் போதும். இவரு இருபத்திரண்டு நிமிஷம் பேசியிருக்கார். அது மட்டும் பெட்டியில அப்படியே இருக்குதுங்க. போடட்டுங்களா?"

டீச்சர் தலையாட்டினார். கதவுகள் திறந்தே இருந்தன.

முதலில் இருமல். பிறகு, அன்றைக்கு நின்றிருந்த வண்டியில், காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர் கத்த ஆரம்பித்தார்.

"சாந்தா, பிரேக்கு. பிரேக்குங்கறேன்ல. கண்ணாடியப் பாரு. பின்னால டேங்கர் லாரி வாரான் பாரு. அட, அவன் இண்டிகேட்டர் போடமாட்டான், நாமதான் பாத்துக்கணும். ஆடு. ஆடு சாந்தா. ஆடு நின்னா குட்டியும் நிக்கும்னு நெனைக்காதே. மெதுவா, மெதுவா, மெதுவா. ஹாரனடி. அடிச்சது போதும், அவன் செவிடனில்ல..."

மூன்று நிமிடம் போனதும் டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி இல்லாத ஒரு ரயில்வே கேட்டில் நிற்கச் சொன்னார், இல்லாத ஒரு போலீஸ்காரரைத் திட்டினார், பாவம், மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். எந்தக் கத்தலும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக் கத்தியிருக்கிறார். எதிர் டீக்கடையில் நாலு பேர் டம்ளரோடு எழுந்து நின்று பார்த்தார்கள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு எங்கே முடிந்தது என்று லோகுவுக்குத் தெரியவில்லை.

ஒலி நின்றதும் அவர் முகம் மாறியது.

"அப்படீன்னா ரெண்டரை வருஷமும் பக்கத்துல கத்திக்கிட்டேதான் வந்தாருங்களா? நான் ஒழுங்கா ஓட்டவே இல்லீங்களா?"

இதற்கு லோகுவிடம் பதில் இருந்தது. "இருங்க டீச்சர். என்ன பேசுனார்னு பெட்டி வெச்சுக்காதுங்க. ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அழிச்சுதுன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கும்." திரையை உருட்டினான். "முதல் வாரம், போக வர ஒண்ணரை மணி நேரத்துல எழுபது நிமிஷம்."

"எழுபது."

"மூணாம் மாசம் முப்பத்தஞ்சு. முதல் வருஷ முடிவுல பன்னெண்டு. அதுக்கப்புறம் மழை நாள்ல மட்டும் கொஞ்சம் கூடியிருக்குதுங்க. ரெண்டாம் வருஷம் முடியறப்ப மூணு, ரெண்டு, ஒண்ணு. போன வருஷம் ஏப்ரல்ல இருந்து ஒரு நாள் விடாம சைபருங்க. ஆளு சீட்ல இருக்கார்னு வெயிட் காட்டுது. ஆனா பெட்டிக்கு வேலையே வைக்கலை. நெசமாவே சும்மா வந்திருக்கார்."

டீச்சர் அந்த எண்களை மனதுக்குள் ஒரு தடவை சரிபார்த்தது முகத்தில் தெரிந்தது.

"பாஸ் போட்டுட்டார்," என்றார் மெதுவாக.

"ஃபர்ஸ்ட் கிளாஸுங்க டீச்சர்."

லோகுவுக்கும் மனம் லேசானது. இத்தனை வருடத்தில் இந்தப் பட்டியலில் இருந்து ஒரு நல்ல சேதியை எடுத்துக் கொடுத்தது இதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் திரையை அவர் வந்த கடைசி நாள் வரைக்கும் உருட்டினான். ஏப்ரல் சைபர், மே சைபர், ஜூன், ஜூலை. ஆகஸ்ட் பதினேழு சைபர். பதினெட்டு சைபர்.

ஆகஸ்ட் பத்தொன்பது. மாலை 4.52. பதினொரு விநாடி.

"கடைசி நாள் எவ்வளவுங்க தம்பி?" என்றார் டீச்சர்.

பதினொரு விநாடி என்பது நீளமான நேரம். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வராமல், மறுபடி கூப்பிட்டு, வண்டியை நிறுத்து என்று சொல்லப் போதுமான நேரம். அவர் என்ன சொன்னார் என்பது பெட்டிக்கே தெரியாது. அளந்தது, அழித்தது, எழுதி வைத்தது. நாலு மாதமாக வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்குத் திறந்திருக்கிறார் என்பது மட்டும்தான் அந்த வரியில் இருந்தது. வெள்ளோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை ஆஸ்பத்திரி என்று லோகுவின் மனம் அதுபாட்டுக்கு எண்ணியது. அந்த வரியை வைத்துப் பெட்டி செய்தவர்கள் மேல் வழக்குப் போடலாம். சட்டத்தைக்கூட மாற்ற வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் இந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

"சைபருங்க," என்றான் லோகு.

"தெரியுமுங்க," என்றார் டீச்சர். "ஒரு சத்தம் இல்லாமத்தான் போனார்."

லோகு குனிந்தபடியே அந்த ஒரு வரியைப் பெட்டியிலிருந்து அழித்தான். இருபத்திரண்டு நிமிடக் கத்தலை பென் டிரைவில் நாற்பத்தெட்டாவதாக ஏற்றினான். பிறகு, "பட்டியல்ல இருந்து அவர் குரலை எடுத்துடறேங்க," என்று பொத்தான் மேல் கையைக் கொண்டு போனான்.

"வேண்டாங்க தம்பி. இருக்கட்டும்."

"இருந்தா உள்ள கேக்காதுங்களே டீச்சர்."

"அவரே உக்காந்து, அவரே ரேகை வெச்சது. எனக்காகப் பண்ணுனது. அதை எடுக்க மனசு வரலீங்க." டீச்சர் டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். "கண்ணாடியை எறக்கிட்டா கேக்கும்னு சொன்னீங்களே, எறக்கிக்கறேன். இவ்வளவு லேசான வழி இருக்கறப்ப எதுக்கு ஏசி?"

லோகு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு கதவுகளைச் சாத்தினான்.

நான்கு கண்ணாடிகளும் இறங்கின. மே மாத வெயில் மொத்தமும் வண்டிக்குள் ஏறியது. "கண்ணாடியப் பாரு சாந்தா" என்றது குரல். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். "பின்னால டேங்கர் லாரி வாரான் பாரு" என்றது. லாரி ஏதும் வரவில்லை. ஆனாலும் அவர் காத்திருந்து, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டில் ஏறினார். டீக்கடை வாசலில் நின்றவர் ஒருவர் அந்தக் கத்தலைக் கேட்டுத் தன் ஸ்கூட்டரை ஓரமாக இழுத்துக்கொண்டார். "பிரேக்கு, பிரேக்குங்கறேன்ல" என்ற சத்தம் சிக்னல் வரைக்கும் கேட்டது.

வேலை கார்டு லோகுவின் கையில் இருந்தது. வண்டி எண், தேதி எல்லாம் எழுதினான். "பழுது" என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "ஃப்யூஸ்" என்று எழுதி, ஆணியில் குத்தினான்.